ஆயுதத்தைக் களைவது யார்?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட சில நாள்களில் மாவட்ட ஆட்சியரிடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலாளி, துப்பாக்கி சுடும் போட்டி வீரர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டி மீட்டுக்கொள்வார்கள். நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும் செய்தி. இதை யாரும் ஆயுதக் களைவு என்று சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பொருளைத் தேடிப் புறப்படுபவர் இங்கிருந்தே புறப்படலாம்.

ஏனென்றால், அப்படித் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தோட்டக்காரருக்குச் சில விஷயங்கள் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கின்றன. பக்கத்து ஊர்க்காரரும் கொடுக்கிறார். வாங்கிப் பூட்டி வைப்பவர் யார் என்று தெரியும். கையில் ரசீது இருக்கிறது. இடைப்பட்ட நாள்களில் வீட்டுக்கு ஆபத்து வந்தால் கூப்பிட அதே காவல் நிலையம் இருக்கிறது. இவ்வளவும் இருப்பதால்தான் அது நான்கு வரிச் செய்தியாக அடங்கிவிடுகிறது. உலகில் ஆயுதக் களைவு தடுமாறிய இடங்களைப் பார்த்தால், இவற்றில் ஏதோ ஒன்று அங்கே இல்லாமல் இருந்திருக்கும்.

தமிழில் இந்தக் கருத்துக்கு ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘ஆயுதக் குறைப்பு’ என்பதை அதிகம் பார்க்கலாம். ஈழத்து எழுத்தில் ‘ஆயுதக் களைவு’ ஊன்றிவிட்டது. எனக்கு இரண்டாவது பிடிக்கும். ‘களை’ என்ற வினைக்கு நம் பேச்சிலும் எழுத்திலும் இரண்டு வழக்குகள் உண்டு. மாலையைக் களைகிறோம், ஆடையைக் களைகிறோம். அணிந்தவர் தம் கையாலேயே கழற்றி வைப்பது அது. வயலில் களை எடுக்கிறோம். அது வெளியிலிருந்து வரும் ஒரு கை வேரோடு பிடுங்கி எறிவது. ஆயுதக் களைவு என்ற சொல்லுக்குள் இந்த இரண்டு செயல்களும் குடியிருக்கின்றன. செய்தியில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இவர்கள் களைகிறார்களா, களையப்படுகிறார்களா?

‘நிராயுதபாணி’ என்று இன்னொரு சொல் நம்மிடம் பழங்காலமாகப் புழங்குகிறது. பாணி என்றால் கை. கையில் ஆயுதம் இல்லாதவன். இராவணன் முதல் நாள் போரில் எல்லாம் இழந்து வெறுங்கையோடு நின்றபோது, இராமன் அவனைக் கொல்லாமல் திருப்பி அனுப்பினான் என்ற கதை தெரியாத தமிழர் குறைவு. ஆயுதம் இல்லாதவனை அடிக்கக் கூடாது என்ற அந்த அறத்தைத்தான் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்ட வடிவில் சொல்கின்றன. நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட போராளியை மனிதத் தன்மையோடு நடத்தியாக வேண்டும் என்கிறது. இந்த அறம் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் தாமாக ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். களைவின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிடுங்கும் களைவை நம் மண் நன்றாக அறியும். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்கும்படி மேஜர் பானர்மன் பாளையக்காரர்களுக்கு உத்தரவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து மருது சகோதரர்களும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுவதற்குமான விதியாக்கியது: இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். (குடகு மக்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு இன்றுவரை தொடர்கிறது.) காங்கிரஸ் தன் தொடக்க காலத்திலிருந்தே அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியது. துப்பாக்கி மேல் இருந்த ஆசையால் எழுந்த எதிர்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது. ஒருவரின் ஆயுதத்தை மட்டும் எடுத்து இன்னொருவரின் ஆயுதத்தை விட்டுவைத்தால், எடுக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது அவமானம்.

அந்த அவமானம் உலக அளவில் என்ன செய்தது என்பதற்கு 1919ஆம் ஆண்டின் வெர்சாய் ஒப்பந்தம் சாட்சி. தோற்ற ஜெர்மனியின் தரைப்படை 1,00,000 பேரோடு நிறுத்தப்பட்டது. டாங்கி கூடாது, போர் விமானம் கூடாது, நீர்மூழ்கிக் கப்பல் கூடாது. அதே நேரத்தில் உருவான சர்வதேச சங்கத்தின் சாசனம், எட்டாவது பிரிவில், எல்லா நாடுகளும் தம் பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு ஆயுதங்களைக் குறைக்க வேண்டும் என்று சொன்னது. முதல் பாதி உடனே நடந்தது. இரண்டாம் பாதிக்கான மாநாடு ஜெனீவாவில் கூட 1932 பிப்ரவரி ஆகிவிட்டது. 1933 அக்டோபரில் ஹிட்லரின் ஜெர்மனி அதிலிருந்து வெளியேறியது. ‘எங்களிடம் மட்டும் பிடுங்கிவிட்டு நீங்கள் வைத்துக்கொண்டீர்கள்’ என்ற குறையை அதற்குள் ஹிட்லர் தன் அரசியலுக்கு எருவாக்கியிருந்தார். அவர் செய்த கொடுமைகளுக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் வென்றவர்கள் தாங்கள் எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால், அந்த எரு அவர் கைக்குக் கிடைத்திருக்காது.

களைபவருக்கும் களையப்படுபவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஆயுதம் ஏந்தியவர்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் பேச்சுவார்த்தை மேசைகளில் ஒரே ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் இழுபறி நடந்திருக்கிறது. வட அயர்லாந்தில் 1998 ஏப்ரலில் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரிஷ் குடியரசுப் படை ‘சரணடைவு’ என்ற சொல்லைக் காதிலேயே வாங்கவில்லை. ஆயுதங்களைப் ‘பயன்பாட்டுக்கு அப்பால்’ வைப்போம் என்றது. எதிர்த்தரப்புத் தலைவர் இயன் பெய்ஸ்லி, அழிப்பதைப் புகைப்படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். படம் எடுத்தால் அது தோல்வியின் படமாக நிலைத்துவிடும் என்று இயக்கம் மறுத்தது. கடைசியில் கனடாவின் ஜெனரல் ஜான் டி சாஸ்டலைன் தலைமையிலான சுதந்திர ஆணையத்தின் முன்னால், ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் பாதிரியாரும் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல, வேலை முடிந்தது. 2005 செப்டம்பர் 26ஆம் தேதி அது அறிவிக்கப்பட்டபோது, ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. புகைப்படத்தின் இடத்தில் இரண்டு பாதிரியார்களின் வாக்கு நின்றது.

கொலம்பியாவில் ஃபார்க் கெரில்லாக்களும் அப்படியே. ஸ்பானிய மொழியில் ‘ஒப்படைத்தல்’ என்ற சொல் வேண்டாம், ‘விட்டுவைத்தல்’ என்று பொருள்படும் சொல்லே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வென்றார்கள். அரசிடம் கொடுக்கவில்லை, ஐக்கிய நாடுகள் சபையின் குழுவிடம் 2017இல் விட்டுவைத்தார்கள். அப்படிச் சேர்ந்த உலோகத்தில் சுமார் 37 டன்னை உருக்கி, சிற்பி தோரிஸ் சால்சேதோ தலைநகர் பொகோட்டாவில் ஒரு கட்டடத்துக்குத் தரை ஓடுகள் செய்தார். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் சுத்தியலால் அடித்து அந்த ஓடுகளுக்கான அச்சுகளைச் செய்தார்கள். பார்க்க வருபவர்கள் துப்பாக்கிகளின் மேல் நடக்கிறார்கள். நேபாளத்தில் 2007இல் இன்னும் எளிமையான ஒரு வழி கண்டார்கள். மாவோயிஸ்டுகளின் ஆயுதங்கள் அவர்களுடைய முகாம்களிலேயே இரும்புப் பெட்டகங்களில் பூட்டப்பட்டன. சாவி அவர்கள் கையில். பெட்டகத்தைத் திறந்தால் அலறும் சைரனும் கண்காணிப்பும் ஐ.நா. கையில். சாவியை வைத்திருப்பவர் தோற்றவர் ஆக மாட்டார். நம்பிக்கை இல்லாத இருவருக்கு நடுவே இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

நமக்கு மிக அருகில் நடந்தது இவற்றைப் போல முடியவில்லை. 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 48 மணி நேரத்துக்குள் போர் நிறுத்தம், அதன்பின் 72 மணி நேரத்துக்குள் போராளி இயக்கங்களின் ஆயுத ஒப்படைப்பு என்று சொன்னது. ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலையில் திரண்ட கூட்டத்தில் அவர்களின் தலைவர் பிரபாகரன் பேசியதன் சாரம் இது: இந்த ஆயுதங்களை இந்தியாவிடம் கொடுப்பது, தமிழ் மக்களைக் காக்கும் பொறுப்பை இந்தியாவிடம் கொடுப்பது. மறுநாள் பலாலியில் இலங்கைப் பாதுகாப்புச் செயலாளரின் முன்னிலையில் ஒரு கைத்துப்பாக்கி மேசைமேல் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கொஞ்சம் ஆயுதங்கள் வந்தன, பிறகு நின்றுபோயின. அக்டோபர் 10ஆம் தேதி, வாங்க வந்த இந்தியப் படைக்கும் கொடுக்க வேண்டிய இயக்கத்துக்கும் இடையிலேயே போர் வெடித்தது. யார் மீது எவ்வளவு பிழை என்பது இந்தக் கட்டுரையில் அடங்காது. ஆனால் தேர்தல் காலத் தோட்டக்காரரிடம் இருந்ததில் எதுவும் அங்கே இல்லை. பக்கத்து ஆளும் கொடுக்கிறானா என்பது தெரியாது, கொடுத்த பிறகு யார் காப்பார் என்பது தெரியாது. தலைமுறைப் பகைக்கு 72 மணி நேரக் கெடு வைத்திருந்தார்கள். இலங்கைத் தமிழரிடம் ‘ஆயுதக் களைவு’ என்ற சொல்லுக்கு இன்றும் ஒரு கசப்பு இருக்கிறது என்றால், அந்தக் கசப்பு அகராதியில் வராது.

இனி, செய்திகளில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் சில சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். எத்தனை வைத்துக்கொள்ளலாம், எங்கே வைக்கலாம், எங்கே சோதிக்கலாம் என்று வரம்பு கட்டுவது ஆயுதக் கட்டுப்பாடு. 1922இல் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவை தம் பெரும் போர்க்கப்பல்களை 5:5:3 என்ற விகிதத்தில் நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டது அப்படிப்பட்டது. அதற்காக ஏற்கெனவே இருந்த கப்பல்கள் பலவற்றை உடைத்தார்கள். அந்தப் பகுதி ஆயுதக் குறைப்பு. இல்லாதவர் புதிதாகப் பெறாமல் தடுப்பது பரவல் தடை. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் உயிர் அதுதான். ஆனால் அதன் ஆறாவது பிரிவில், இருப்பவர்களும் நல்லெண்ணத்தோடு பேசி ஆயுதக் களைவை நோக்கி நடப்பார்கள் என்ற வாக்கு இருக்கிறது. இல்லாதவர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். இருப்பவர்களிடம் 1980களின் நடுவில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 12,000. பெரிய குறைப்பு, சந்தேகமில்லை. களைவு என்று அதைச் சொல்ல முடியாது.

சோதனைத் தடையும் இதே போன்றதே. 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் போனார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக் குழுவுக்குத் தலைமை ஏற்று அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டு சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேரில் கேட்டார். அந்த வயதில் ஒரு மனிதர் அதற்காகக் கடல் தாண்டிப் போனார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடை செய்தது. காற்றில் கதிர்வீச்சுத் துகள்கள் கலப்பது குறைந்தது, குழந்தைகள் குடிக்கும் பாலில் அவை இறங்குவது குறைந்தது. ஒரு குண்டுகூட அதனால் குறையவில்லை. சோதனை நிலத்துக்கடியில் போனது.

முழுக் களைவு நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது ரசாயன ஆயுதங்களை. 1997 ஏப்ரல் 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒரு வகை ஆயுதத்தை முழுவதுமாகத் தடை செய்தது, அதைவிட முக்கியமாக, சரிபார்க்க ஓர் அமைப்பையும் தந்தது. ஹேக் நகரில் இருக்கும் அந்த அமைப்பின் ஆய்வாளர்கள் கிடங்குக்கே போய் எண்ணுவார்கள், முத்திரை வைப்பார்கள், அழிக்கும்போது உடன் இருப்பார்கள். தன்னிடம் ரசாயன ஆயுதம் இருக்கிறது என்று இந்தியா அந்த ஆண்டுதான் முதல்முறையாக ஒப்புக்கொண்டது. அறிவித்த இருப்பு முழுவதையும் 2009க்குள் அழித்தும் முடித்தது. ஒரு நாடு தன் ரகசியத்தைத் தானே சொல்லி, தானே அழித்து, அதைப் பிறர் பார்க்க அனுமதித்தது. நம் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை, சொல்ல வேண்டும். உலக நாடுகள் அறிவித்திருந்த மொத்தம் 72,000 டன்னுக்கும் மேற்பட்ட நச்சில் கடைசிப் பகுதியை 2023 ஜூலையில் அமெரிக்கா கென்டக்கியில் அழித்தது. சிரியாவில் அறிவிக்காமல் மறைத்ததும் பயன்படுத்தியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எண்ணி, பார்த்து, கையெழுத்திட்டு அழிக்கப்பட்ட 72,000 டன் சிறிய விஷயம் இல்லை.

அணு ஆயுதத்தைத் தானே செய்து தானே முழுவதுமாகக் களைந்த நாடு ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து வைத்திருந்தது. அவற்றைக் கழற்றி யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பின், 1993 மார்ச்சில்தான் அதிபர் டி கிளெர்க் நாடாளுமன்றத்தில் விஷயத்தையே வெளியே சொன்னார். சர்வதேச அணுசக்தி முகமை கணக்குகளைப் புரட்டி, கிராம் கிராமாகச் சரிபார்த்தது. உக்ரைன் கதை வேறு. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அதன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூர அணு முனைகள் இருந்தன. ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில், ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக் கொடுத்தன. அங்கும் சொல்லுக்குச் சண்டை நடந்தது: காப்பதற்கு நாங்கள் பொறுப்பு என்ற பொருள் தரும் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லை அமெரிக்கா ஏற்கவில்லை, இளகிய ‘உறுதிமொழி’தான் ஆங்கில வடிவத்தில் நின்றது. 1996 ஜூனுக்குள் கடைசி அணு முனையும் ரஷ்யாவுக்குப் போய்விட்டது. 2014இல் கிரீமியா போனது, 2022இல் முழுப் போர் வந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் காக்க வேண்டியவர்களில் ஒருவனே அடித்தான். இனி எந்த நாட்டிடம் போய்க் களைவைப் பற்றிப் பேசினாலும், அந்த நாடு இந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைக்கும்.

கையிலிருந்து வாங்கவே முடியாத ஆயுதமும் ஒன்று உண்டு, கண்ணிவெடி. புதைத்தவர் இறந்திருப்பார் அல்லது நாடு விட்டுப் போயிருப்பார். ஒப்பந்தம் வந்தது அதற்குத் தெரியாது. ஆளெதிர்ப்புக் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2025இல் பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் ஆகியவை ரஷ்யா மீதுள்ள அச்சத்தால் அதிலிருந்து விலகும் முடிவை எடுத்தன. போர் முடிந்த நாடு உள்ளே வர, போரை அஞ்சும் நாடுகள் வெளியே போகின்றன.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையில் முகமாலை இருக்கிறது. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் முன்னரங்காக இருந்த இடம், அதனால் உலகின் அடர்ந்த கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக ஆன இடம். அங்கே வெடி அகற்றும் வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள்; போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. கனத்த மேலங்கியும் முகக்கவசமும் அணிந்து வெயிலில் மண்டியிட்டு வேலை செய்கிறார்கள். வெடிகளில் உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவியின் ஒலியை மட்டும் நம்ப முடியாது. சருகு வார உதவும், அந்த ஊரார் விறாண்டி என்று சொல்லும் முள்வாரியைப் போன்ற ஒன்றால், மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கிறார்கள். நிலத்தில் ஓர் ஒடுங்கிய பாத்தி, அதன் இருபுறமும் அடையாளக் கம்புகள். ஒரு பாத்தி முடிந்தால் கம்பைப் பிடுங்கி ஓர் அடி தள்ளி நட்டுவிட்டு, மறுபடி மண்டியிடுகிறார்கள்.